முதல் கால்மணி நேரத் தண்ணீர்

ஆட்டோக்காரருக்குத் தெருவில் 'கால்மணி' என்று பட்டப்பெயர். மழை பிடித்தால் முதல் கால்மணி நேரத் தண்ணீரை அவர் வீட்டு மழைநீர்த் தொட்டிக்குள் விடமாட்டார். மொட்டைமாடித் தூசியும் காக்கை எச்சமும் கழுவிக்கொண்டு போகட்டும் என்று, மாடியிலிருந்து இறங்கும் வளைவுக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டு, குடையும் கையுமாகக் கடிகாரத்தையே பார்த்து நிற்பார். போகிறவர்கள் வேண்டுமென்றே அவரிடம் மணி கேட்பார்கள். மனிதர் அசைந்து கொடுக்கமாட்டார். பதினாறு வருடமாக அந்த வீட்டில் குடிக்க, சமைக்க எல்லாம் மழைத்தண்ணீர்தான். குழாயில் மனைவி கை வைத்தால்கூடப் பொறுக்காது. "உனக்கு அதெல்லாம் புரியாது, விடு" என்பார். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு.

அன்று காலை எறும்புத் தொல்லை தாங்காமல் மாடியில் சுவரோரமாகப் பூச்சிமருந்துப் பொடியைத் தூவினார். மருந்து என்றாலே மனைவி சண்டைக்கு வருவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. மழை வந்தால்தான் என்ன, முதல் தண்ணீர் வெளியேதானே போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். அதைத் திருப்பிவிட அவர் வீட்டில் இருக்கவேண்டுமே, அந்த யோசனை மட்டும் வரவில்லை.

மதியம் ஊரின் மறுகோடியில் சவாரியில் இருந்தபோது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காலையில் தூவிய பொடி அவருக்கு நினைவுக்கு வந்தது. குழாய் தொட்டிப்பக்கம்தான் இருந்தது, கிளம்பும்போது கண்ணால் பார்த்திருந்தார். மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பாளோ? மயங்கி விழுந்து கிடக்கிறாளோ? ஆளை இறக்கிவிட்டு, முழங்கால் தண்ணீரில் தத்தளித்த வண்டிகளுக்கு நடுவே முண்டியடித்து வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

மழை விட்டிருந்தது. மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் போன் எடுக்கல?"

"உள்ள கெடந்துச்சு, கேக்கல. ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"கொழாயைத் திருப்பினியா?"

"பின்ன? கடிகாரம் பாத்து, பதினஞ்சு நிமிஷம் வெளிய விட்டுட்டுத்தான் தொட்டிக்கு மாத்தினேன். இத்தனை வருஷமா பாக்குறேன், இதுகூடத் தெரியாதா எனக்கு?"

போன உயிர் திரும்பி வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இவளைப் போய் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"உங்களை மாதிரி சாக்கடையிலயும் விடல" என்றாள் அவள், பெருமையாக. "பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு நாலு நாளா தண்ணி இல்ல. வெளிய போனதை நாலு குடம் புடிச்சுக் குடுத்தேன். காய்ச்சிக் குடிச்சுக்கறேன்னாங்க."

அவர் ஓடினார். தையல்காரம்மா மெஷினில் உட்கார்ந்து பாவாடைக்கு நாடாப் பட்டை தைத்துக்கொண்டிருந்தார். மூலையில் நான்கு குடங்கள். அவற்றைக் கவிழ்த்துவிட்டு, மாடியில் எலி செத்துக் கிடந்தது என்று ஒரு பொய் சொன்னால் போதும், மானம் பிழைக்கும் என்று தோன்றியது.

"அக்கா, அந்தத் தண்ணியைக் குடிச்சீங்களா?"

"இன்னும் இல்ல தம்பி. காய்ச்சி ஆற வச்சிருக்கேன்."

அவர் குடங்களைக் கவிழ்க்க மூலையை நோக்கி நடந்தார்.

"பாப்பாதான் பொறுக்கல. மழைன்னு பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டுட்டாங்க, வந்ததும் தாகம்னு குடத்துலயே மொண்டு குடிச்சிட்டா. இப்பத் தலை வலிக்குதுன்னு படுத்திருக்கா."

அவர் எலிப் பொய்யை விட்டுவிட்டார்.

"அக்கா, அதுல பூச்சிமருந்து கலந்திருக்கு. மாடியில நான்தான் போட்டேன். கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மெஷின் நின்றது. அந்த அம்மா தைத்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தார். அவர் செருப்போடு உள்ளே போய், பாயில் சுருண்டிருந்த எட்டு வயதுப் பெண்ணை வாரித் தூக்கினார். பிள்ளையின் உடம்பு வியர்த்துக் குளிர்ந்திருந்தது. அவள் பாதிக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

"மாமா, ஆட்டோவுல கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஆமாண்டா" என்றார். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினார்.