ஒரே கம்பிக்கு மூன்று தடிப்பு

எழுபத்து நான்காம் ஆண்டில் பதுளைப் பள்ளிக்கூடமொன்றுக்குப் பௌதிகம் படிப்பிக்க வந்த ஸல்மா டீச்சர் சொல்லில் கறார். மூத்த விஞ்ஞான ஆசிரியர் ஜௌபர் சேர் கையில் கறார். செய்முறை தொடங்குமுன்பே விடையைக் கரும்பலகையில் எழுதிவிடுவார். பிள்ளையின் அளவு அதிலிருந்து விலகினால் பிரம்படி. அதனால் பிள்ளைகள் கருவியைப் பார்ப்பதில்லை, பலகையைப் பார்த்து எழுதினார்கள்.

ஸல்மா பலகையை அழித்தார்.

"கம்பியோட தடிப்ப மூணு எடத்துல அளங்க. மூணும் ஒத்து வராது. வந்தத அப்படியே எழுதுங்க, அழிக்க வேணாம். அடி விழாது, நான் பொறுப்பு."

அடுத்த செய்முறையன்று அதிபர் கூப்பிட்டதால் ஸல்மா போய்த் திரும்பினார். அதற்குள் வகுப்பு ஜௌபர் கையில். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்ட லயத்துப் பையன் ரெங்கசாமியின் வலது சுட்டுவிரல் பிரம்படியில் முறிந்து தொங்கியது.

"பிழையான அளவ அழிக்கச் சொன்னேன், மாட்டேங்குறான்" என்றார் ஜௌபர்.

"டீச்சர் வேணாம்னாங்க சேர்" என்றான் ரெங்கசாமி.

அழுதால் எலும்பு பொருந்தாது. ஸல்மா அடிமட்டமொன்றை இரண்டாக முறித்து, விரலின் இருபக்கமும் வைத்து, முந்தானையைக் கிழித்துக் கட்டினார். பிறகு கம்பி அளக்கும் திருகுக்கணிச்சியை எடுத்து ஜௌபரிடம் நீட்டினார்.

"உங்க பிரம்பையும் மூணு எடத்துல அளங்க சேர்."

வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க மானம் விடவில்லை. அளந்தார். இரண்டாம் இடத்தில் அவர் கை நின்றது.

"ஒத்து வரலையா சேர்?" என்றான் கடைசி வரிசை வாங்கிலிருந்து மஹ்ரூப். "அப்ப கைய நீட்டுங்க."

வகுப்பே சிரித்தது. பிரம்பு அவனை நோக்கிப் பாய்ந்தது. குறுக்கே நின்ற ஸல்மாவின் கன்னம் உதடுவரை பிளந்தது. அடுத்த அடியை அவர் கையால் பிடித்தார். ஜௌபர் இழுத்தார், ஸல்மா விடவில்லை. பிரம்பின் சிம்பு உள்ளங்கையைக் கிழித்து இரத்தம் மேசையில் சொட்டியது.

அதிபர் தீர்ப்புச் சொன்னார்: டீச்சருக்கு ஹல்துமுல்லைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம். பையன்கள் தங்கள் அளவுகளை அழித்து ஜௌபரின் விடையை எழுத வேண்டும், இல்லாவிட்டால் அடி.

போகுமுன், தையல் போட்ட வாயோடு ஸல்மா வகுப்புக்கு வந்தார்.

"அழிச்சிடுங்கடா. நான் பொறுப்புன்னு சொன்னது நடக்கல. என்னால அடிய நிறுத்த ஏலாது."

ரெங்கசாமி கொப்பியில் எழுதியிருந்த மூன்று அளவுகளைப் பார்த்தான்.

"எத டீச்சர் அழிக்கிறது? மூணும் நான் பாத்ததுதானே."

ஜௌபர் புதுப் பிரம்போடு உள்ளே வந்தார். ரெங்கசாமி எழுந்து இடது கையை நீட்டினான். அழிக்காத கொப்பியோடு அவனுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றான் மஹ்ரூப்.