இரண்டாவது மிதவை அருகே

அந்த ஊரில் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களில் பாதிப் பேருக்காவது அவருடைய குரல் தெரிந்திருக்கும், முகம் தெரிந்திருக்காது. இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்று, விளக்கும் அணைந்து, உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டி ஓய்ந்துபோன பிறகு மேலேயிருந்து அந்தக் குரல் வரும். "பதறாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். பத்தே நிமிஷம்." இருபத்திரண்டு வருடமாக அவர் லிஃப்ட் மெக்கானிக். கதவை நெம்பித் திறந்து கை கொடுத்தால், கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள்கூட அவருடைய மணிக்கட்டை விட மாட்டார்கள். வெளியே வந்து, வராந்தாவில் நாலடி நடந்த பிறகுதான் பிடி தளரும். வீட்டுக்கு வந்து மணிக்கட்டில் பதிந்த விரல் தடத்தை மனைவியிடம் காட்டிச் சிரிப்பார்.

நாற்பத்தொன்றாவது வயதில், பதினான்கு மாடி ஏறி மோட்டார் அறைக்குப் போனவர் அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு அடைத்தது. டாக்டர் பயமுறுத்தி அனுப்பியதில் காலையில் நடக்கத் தொடங்கினார். நடை ஓட்டமானது, ஓட்டத்தோடு சைக்கிள் சேர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நீச்சல் குளத்துக்கும் போய், ஏழு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கக் கற்றுக்கொண்டார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நீச்சலுக்கென்று அவர் வாங்கி வந்த இறுக்கமான கறுப்பு உடுப்பைப் போட்டுக்காட்டியபோது மேலும் கீழும் பார்த்தாள்.

"உறைக்குள்ள திணிச்ச தலையணை மாதிரி இருக்கீங்க."

"போட்டியில எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்க."

"அப்ப சரி. தலையணைக் கூட்டத்துல உங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஐந்து வருடப் பயிற்சிக்குப் பிறகு, நாற்பத்தாறு வயதில் அந்த நீண்ட போட்டிக்குப் பெயர் கொடுத்தார். ஏரியில் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீச்சல், கரையேறியதும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதை இறக்கி வைத்துவிட்டு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தால்தான் கணக்கில் சேரும்.

காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் நின்றார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்களுக்கு மஞ்சள் தொப்பி. கிட்டத்தட்ட எண்பது பேர். கணுக்காலில் நேரத்தைப் பதியும் சிப் பட்டை. ஊதல் ஒலித்ததும் எண்பது பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தார்கள். முகத்தில் முழங்கை இடித்தது, விலாவில் யாரோ உதைத்தார்கள். இதெல்லாம் நடக்கும் என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். முன்னால் நன்றாக நீந்தும் ஒருவரைப் பார்த்து வைத்துக்கொண்டு அவருடைய கால் எழுப்பும் நுரைக்குப் பின்னாலேயே போனால் பாதி வேலை மிச்சம் என்றும் சொல்லியிருந்தார்கள். அப்படியொரு காலைக் கண்டுபிடித்து விடாமல் தொடர்ந்தார். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவர் நீந்தியதே இல்லை.

வழி காட்ட ஏரியில் விட்டிருந்த ஆரஞ்சு மிதவைகளில் இரண்டாவதைச் சுற்றித் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு கை அவருடைய கணுக்காலைப் பிடித்தது. காலை உதறினார். பிடி விட்டது. இரண்டு வீச்சு நீந்தியிருப்பார். மறுபடியும் அதே கை. இந்த முறை சிப் பட்டைக்குள் விரலை விட்டு இழுத்தது. அவருடைய தலை தண்ணீருக்குள் போய், வாய் நிறையத் தண்ணீர் புகுந்தது. மறு காலால் ஓங்கி உதைத்தார். எலும்பில் பட்டதுபோல் இருந்தது. பிடி போயே போய்விட்டது.

முன்னால் போன கால் நாலு முழம் விலகியிருந்தது. அதைப் பிடிக்க அவசரமாகக் கையை வீசினார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஐம்பத்திரண்டு நிமிடத்தில் கரையேறினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மனைவி, "மெதுவாப் போங்க!" என்று கத்தினாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஈரத் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

முதல் இருபது கிலோமீட்டர் காற்றாய்ப் போனது. பிறகு வியர்வை காலில் இறங்கியபோது கணுக்கால் சுரீரென்று எரிந்தது. குனிந்து பார்த்தார். பட்டைக்கு மேலே மூன்று நகக்கீறல்கள், ஆழமாக. அந்தக் கீறலைப் பார்த்த பிறகுதான், தண்ணீருக்குள் உறைக்காதது உறைத்தது. போட்டியில் முந்துகிறவன் கை காலில் பட்டுவிட்டுப் போகும். இது பிடித்த பிடி. வருடக்கணக்காக மணிக்கட்டில் வாங்கிய பிடி. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'சேச்சே, கூட்டத்தில் எவனோ தடுமாறியிருப்பான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதித்தார். மிதிக்க மிதிக்க, எலும்பில் பட்ட அந்த உதை குதிகாலிலேயே நின்றது.

அறுபதாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கும் மேஜை. பாட்டிலை நீட்டிய பெண்ணிடம் பக்கத்தில் நின்றவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் தொப்பியாம். ரெண்டாவது மிதவைகிட்ட. படகுக்காரங்க தூக்கும்போது நினைவே இல்லையாம்."

"இருக்காரா?"

"தெரியல. ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிருக்காங்க."

பாட்டில் கைநழுவி ரோட்டில் உருண்டது. "இன்னொண்ணு தரட்டுமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மிதித்தார். அங்கேயே இறங்கியிருக்கலாம். போனை வாங்கி யாரிடமாவது கேட்டிருக்கலாம். இறங்கினால் ஏன் இறங்கினாய் என்பார்கள், என்ன சொல்வது? போய்க்கொண்டே இருக்கிற வரைக்கும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஓட்டத்தின் பாதையில் நாலாவது கிலோமீட்டரில் மனைவி நின்றிருந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் கயிற்றோரமாகக் கூடவே நடந்தாள்.

"என்னங்க, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? மயக்கமா? நின்னுடுங்க."

"ஒண்ணுமில்ல."

"எவனுக்காக ஓடுறீங்க? போதும், வாங்க."

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல!"

அவளிடம் அப்படி அவர் குரலை உயர்த்தியதில்லை. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவர் ஓடினார். பதினாறு கிலோமீட்டருக்கு மேல் கால் கல்லாய்க் கனத்தது. நடந்தார், மறுபடி ஓடினார். ஏழு மணி நேரம் நாற்பது நிமிடத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டினார். யாரோ கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். அவர் நேராக மருத்துவக் கூடாரத்துக்குப் போய்க் கேட்டார். உயிர் இருக்கிறது, தீவிரச் சிகிச்சையில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்து வருடப் பயிற்சியில் ஒருநாளும் அழாதவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து ஒருவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

காரில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியாம உதைச்சீங்க. சரி. அறுபதாவது கிலோமீட்டர்ல தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறமும் ஓடினீங்களா?"

"ஓடினேன்."

அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டாள்.

நாலாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். மஞ்சள் தொப்பிக்காரர் ஐம்பது வயதுக் கணக்கு வாத்தியார். தாடையில் நீலமாய் ஒரு வீக்கம். பக்கத்தில் மகள் மாத்திரைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். போட்டியில் கூட நீந்தியவர் என்றதும் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"சார், நீங்க பிடிச்சது என் காலைத்தான். உதைச்சது நான்தான்."

மகளுடைய கை நின்றது. வாத்தியார் பேசியபோது குரல் கரகரத்தது.

"ரெண்டு தொடையும் ஒரே நேரத்துல பிடிச்சுக்கிச்சு. கத்தலாம்னு வாயைத் திறந்தா தண்ணி. கைக்கு ஒரு கால் கிடைச்சுது. அதைப் பிடிச்சு ஒரு மூச்சு எடுத்தேன். அந்த ஒரு மூச்சுலதான் படகு வர்ற வரைக்கும் தாக்குப்பிடிச்சேன்னு டாக்டர் சொல்றார்."

"மன்னிச்சிருங்க சார்."

"உதைச்சதுல எனக்குக் கோபமில்ல. தண்ணிக்குள்ள இழுத்தா யாரும் உதைப்பாங்க, நானும் உதைப்பேன். அதுக்கப்புறம் ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கலாம் இல்ல?"

"பாக்கல."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

வரும் வழியெல்லாம் நாலைந்து பதில்களை யோசித்து வைத்திருந்தார். நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, பயந்துவிட்டேன், இப்படி. அதில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

"எனக்கு முன்னால ஒருத்தர் நல்லா நீந்திட்டுப் போனாரு. அவரை விட்டுடக் கூடாதுன்னு பாத்தேன் சார்."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரா, பேசப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை. மகள் எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். "நீங்க வந்து சொன்னதுக்கு நன்றிங்க. இனிமே வராதீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

போட்டி நடத்தியவர்களுக்கும் நடந்ததை எழுதிப் போட்டார். திருப்பத்தில் காவலுக்கு விட்டிருந்த இரண்டு படகுகளும் ஒரே பக்கம் நின்றதால் மறுபக்கம் யாருடைய பார்வையும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதினார். விசாரிப்பதாக மூன்று வரிப் பதில் வந்தது. அவருடைய நேரம் பட்டியலில் அப்படியே இருந்தது. எண்பது பேரில் முப்பத்தொன்றாவது இடம்.

அதன் பிறகு அவர் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. குளத்துக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை போய் வருவார். ஏழெட்டு மாதம் கழித்து, மனைவியோடு கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் வாத்தியாரைப் பார்த்தார். கையில் ஒரு கட்டு விடைத்தாள். தாடை பழையபடி ஆகியிருந்தது.

"அவர்தானா?" என்றாள் மனைவி.

"அவர்தான்."

"போய்ப் பேசுங்களேன்."

"வர வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"சொன்னது அந்தப் பொண்ணு. அவர் சொல்லலையே."

அவர் நடைபாதை விளிம்புவரை போனார். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. விட்டு விட்டு இரண்டு மூன்று முறை தெரு காலியாகவும் கிடந்தது. ஒருமுறை வாத்தியார் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்ததுபோல்கூட இருந்தது. அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. பேருந்து வந்து நின்றது. அது கிளம்பியபோது நிறுத்தத்தில் யாரும் இல்லை. மனைவி அவருடைய கையிலிருந்த பையைத் தான் வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.