முயலுக்குக் கொடுத்த மருந்து

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிக்க ஆசைப்பட்டேன். ராத்திரி டூட்டி பார்க்கிற வேலை பொம்பளைப் பிள்ளைக்கு வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் கடைக்கு வந்தேன். ஐந்து வருஷத்தில் ஊரிலுள்ள டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் படிக்கப் பழகிவிட்டேன். டாக்டரிடம் போகச் சோம்பல்படுகிறவர்கள் நேரே என் முன்னால் வந்து நின்றார்கள். என்ன செய்கிறது என்று கேட்டு, மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். தெருவில் சிலர் என்னை டாக்டரம்மா என்றார்கள். கேலிதான். ஆனால் அது எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் தெரு முனையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் வீடு. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மா அவர்களுக்குத்தான் வீட்டிலிருந்தபடி பெட்டி ஒட்டிக் கொடுத்தாள். அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. முதலாளியை அண்ணாச்சி என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். ஒரே மகள், ஏழாம் வகுப்புப் படித்தாள்.

அவளுக்காகத்தான் கொடைக்கானல் போய்விட்டு வரும்போது ஒரு முயல் வாங்கி வந்தார்கள். வெள்ளை முயல், சிவந்த கண். அதற்கு அவள் ஒரு நடிகையின் பெயரை வைத்தாள். வந்த புதிதில் விருந்தாளிகள் மடியிலெல்லாம் அது உட்கார்ந்தது. அதோடு போட்டோ எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்கள். இரண்டு மாதம் போனதும் வெல்டிங் பட்டறையில் ஒரு கம்பிக் கூண்டு செய்து மாடிப்படிக்கு அடியில், தண்ணி மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

சித்திரை மாதம், வெயில் ஏறுமுன் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. இந்த முயலு ரெண்டு நாளா ஒண்ணும் திங்க மாட்டேங்கு. என்னன்னு பாரேன்."

கூண்டுக்குள் ஒரு தட்டில் பாதி இட்லியும் நமுத்துப்போன பிஸ்கட்டும் கிடந்தன. முயல் மூலையில் ஒடுங்கியிருந்தது. எச்சில் வழிந்து தாடை மயிரெல்லாம் ஈரம். தொட்டுப் பார்த்தேன். இடது தாடைக்கு அடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"அக்கா, இத மாட்டாஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போணும்."

"போ ஏட்டி. ஆட்டோடயும் மாட்டோடயும் லைன்ல நாங்க போயி நிக்கவா? அண்ணாச்சி காதுல விழுந்தா சிரிப்பாவ."

அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். அவர் காதில் விழுந்துவிட்டது. சிரிக்கவும் செய்தார்.

"முயலுக்கு ஆஸ்பத்திரியா? எங்க நாகலாபுரம் பக்கத்துல முயலக் கண்டா கண்ணி வைப்பானுவ. நீதான் மருந்துக்கடைல இருக்கேல்லா, நீயே ஏதாவது குடு."

எனக்குத் தெரியாது அண்ணாச்சி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சும் சலைன் பாட்டிலும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். உப்புப் போட்ட வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து கட்டிமேல் ஒத்தடம் கொடுத்தேன். அந்தச் சிறுமி முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தினம் இரண்டு வேளை கொடுத்தேன். மூன்றாம் நாள் கட்டி உடைந்தது. சீழ் ஒழுகவில்லை, பற்பசை மாதிரி கெட்டியாகப் பிதுங்கி வந்தது. சலைன் ஊற்றிக் கழுவிவிட்டேன். கரிசல் காடு வாய்பிளந்து கிடந்த அந்தக் கோடையில் பச்சை என்று இருந்தது முனிசிபாலிட்டிக் குழாய் கசிகிற இடத்தில் முளைத்த அருகம்புல்தான். அதைப் பறித்துக்கொண்டு போய் நீட்டினேன். முயல் மோந்து பார்த்தது. பிறகு ஒரு ஓரமாகக் கடித்து, மெல்ல இழுத்து, தின்றது.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு உயிரை நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்: "நம்ம தெரு டாக்டரம்மா கைவச்சா, முயலு எந்திரிச்சு ஓடிருச்சு."

பத்து நாளில் கட்டி திரும்ப வந்தது. இந்தத் தடவை பெரிது. கண் ஓரம்கூட வீங்கியிருந்தது.

"அக்கா, இது என்னால முடியாது. மாட்டாஸ்பத்திரிக்கே போயிருங்க."

"அன்னைக்கு நீதான சரி பண்ணுன? இப்ப மட்டும் என்ன?"

அந்த ஒரு வெற்றிதான் குறுக்கே வந்து நின்றது. நான் அன்று தோற்றிருந்தால் ஒருவேளை அவர்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள்.

விடாமல் அண்ணாச்சியிடமே போய்க் கேட்டேன். மணியாச்சி ஜங்ஷனில் வந்து இறங்கும் சொந்தக்காரர்களைக் கூட்டிவர டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, போற வழிதான. அஞ்சு நிமிசம் நிப்பாட்டிக் காட்டிட்டுப் போச் சொல்லுங்களேன்."

"காரு நாறிப்போகும்மா. விருந்தாடி வாராவ."

"அப்ப நான் சைக்கிள்ல கொண்டு போறேன்."

அவர் முகம் மாறியது. "எங்க வீட்டு முயல அடுத்த வீட்டுப் பிள்ள தூக்கிட்டு அலைஞ்சா, பாக்கவன் என்ன சொல்லுவான்? ஒரு முயலுக்கு வக்கில்லையான்னு கேக்க மாட்டானா? அதெல்லாம் வேண்டாம். மருந்து இருந்தா குடு, இல்லன்னா விடு."

சிறுமி படிக்கட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டிருக்கலாம். விட்டுவிட்டால் அது தானாகச் செத்திருக்கும். பாவம் முழுக்க அந்த வீட்டோடு போயிருக்கும். நான் கடைக்கு வந்து அலமாரியைத் திறந்தேன்.

சீழ் வைத்த கட்டிக்குக் குழந்தைகளுக்கு என்ன கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அமாக்சிசிலின். தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிற சிரப். முயல் இரண்டு கிலோ இருக்கும் என்று கைநிதானத்தில் பார்த்து, எடைக்குத் தக்க அளவைப் பேனாவால் எழுதிக் கணக்குப் போட்டேன். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன். எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. இங்க் பில்லரில் உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக வாய் ஓரத்தில் விட்டேன். ஆரஞ்சு வாசனை. இனிப்பு என்பதால் முயல் நக்கிக் குடித்தது.

இரண்டாம் நாள் வீக்கம் வடிந்த மாதிரி இருந்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்றாள் அக்கா. நானும் சிரித்தேன். நான்காம் நாள் காலையில் புல்லைத் தொடவில்லை. மத்தியானம் கழிச்சல் கண்டது. தண்ணீராகப் போனது. பின்னங்கால் மயிரெல்லாம் ஒட்டிக்கொண்டு, தொட்டால் உடம்பு சில்லிட்டிருந்தது.

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு படிப்பக்கம் நின்றாள். "வேல செய்யுதவ கிட்டயே வர மாட்டேங்கா. நாத்தம் ஹால் வரைக்கும் வருது. எங்கயாவது கொண்டு போ ஏட்டி, மாட்டாஸ்பத்திரியோ எதுவோ."

இத்தனை நாள் கெஞ்சியும் கிடைக்காத அனுமதி அந்த நாற்றத்தால் கிடைத்தது.

சலைன் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து முயலை வைத்தேன். பெட்டியைச் சைக்கிள் கூடையில் இறுக்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் இடைசெவல் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிகள் மாட்டைக் கட்டிப்போட்டுக் காத்திருந்தார்கள். ஒரு பெண் ஆட்டுக்குட்டியை இடுப்பில் வைத்திருந்தாள். நான் கூச்சத்தோடு கடைசியில் போய் நின்றேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. காளையைப் பிடித்திருந்த ஒரு பெரியவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது தாங்காது தாயி. நீ முன்னால போ" என்று வழிவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். இந்த வரிசையில் நிற்கத்தான் அந்த வீட்டில் அத்தனை வெட்கப்பட்டார்கள்.

டாக்டர் முயலின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் வளர்ந்து கன்னத்தைக் குத்தியிருந்தது. "இட்லி, பிஸ்கட்டுன்னு போட்டீங்களா? முயலுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். புல்லு தின்னாத்தான் தேயும்" என்றார். பிறகு, "மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னேன். எத்தனை வேளை, எத்தனை நாள் என்றும் சொன்னேன். கடையில் டாக்டர்களோடு போனில் பேசுகிற மாதிரி, தெளிவாக.

அவர் டார்ச்சை அணைத்தார். "வாய் வழியாவா?"

"ஆமா சார்."

"முயலுக்கு இத வாய் வழியாக் குடுக்கக் கூடாதும்மா. அது வயித்துல சாப்பாட்டச் செரிக்க வைக்கிற நல்ல கிருமி எல்லாம் செத்துப்போயிரும். கெட்டது பெருகிரும். அதான் இந்தப் போக்கு."

"பச்சப் பிள்ளைகளுக்கே குடுக்கதுதான சார்?"

"முயல் வேற, பிள்ள வேற" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றினார், ஒரு ஊசி போட்டார். கை கழுவும்போது சொன்னார்: "கட்டி வந்தப்பவே கொண்டு வந்திருந்தா பல்ல வெட்டிவிட்டு, கட்டியையும் சுத்தம் பண்ணியிருக்கலாம். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

திரும்பும் வழியில் ரயில்வே கேட் பூட்டியிருந்தது. கூட்ஸ் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குள் ஏதோ உதைக்கிற மாதிரி இருந்தது. திறந்தேன். முயல் கால்களை நீட்டி ஒருதரம் விறைத்தது, அவ்வளவுதான். கண் திறந்தே இருந்தது. கேட்டைத் திறந்துவிட்டார்கள். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பெட்டியை மூடிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அக்கா வாசலிலேயே கேட்டாள். "செத்துருச்சா? சரி விடு. நீயும் எம்புட்டோ பாத்த."

அண்ணாச்சி சாயங்காலக் காப்பிக்கு வந்திருந்தார். "பெத்த பிள்ளையப் பாக்க மாதிரி பாத்தா" என்று விருந்தாளிகளிடம் என்னைக் காட்டிச் சொன்னார். அவர்கள் என்னை மெச்சுதலாகப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பின்பக்கம் குழி தோண்டும்போது சிறுமி வந்து நின்றாள். அவள் மட்டும்தான் அழுதிருந்தாள்.

"அக்கா, மொதல்லயே உங்க மருந்தக் குடுத்திருந்தா பொழச்சிருக்கும்லா?"

"ஆமா" என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். பெட்டி ஒட்டுகிற கையை நிறுத்தாமல் கேட்டாள். "வேற யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. அவியளே ஒண்ணும் சொல்லல. நீ எதுக்கு வாயக் குடுக்க?" அம்மாவுக்கு அந்த வீட்டு வேலை போய்விடக்கூடாது என்ற பயம். எனக்கு அந்தப் பயம் இருந்ததாகச் சொல்ல முடியாது. தெரியாதவள் என்று பெயர் வாங்க எனக்கு மனமில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அடுத்த முயல் வந்தது. தை மாதம் அதன் காதுக்குள் பொருக்குக் கட்டிச் சிரங்கு பிடித்திருக்கிறது என்று மகளைக் கடைக்கு அனுப்பினார்கள். மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் அக்காவே காரை நிறுத்தி இறங்கி வந்தாள்.

"என்னட்டி, ஒரு ஆயின்மென்ட் எடுத்துக் குடுக்கதுக்கு இம்புட்டுப் பிகு பண்ணுத?"

"முயலுக்கு எது சேரும், எது சேராதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆஸ்பத்திரில ஒரே ஊசில சரியாயிரும்க்கா. நானே கூட வாரேன்."

"போன முயலுக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்? கொஞ்சம் பேரு வந்ததும் தல கிறங்கிருச்சு உனக்கு."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். போன முயலைக் கொன்றது என் மருந்துதான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நாலைந்து பேரும் என்னிடம் மாத்திரை வாங்கத்தான் நின்றிருந்தார்கள். நான் அடுத்தவரின் சீட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். அக்கா வேறு கடைக்குப் போனாள். அங்கே என்ன கொடுத்தார்களோ தெரியாது. அந்த முயல் பங்குனி வரை காதைச் சொறிந்துகொண்டு கிடந்து செத்ததாக அம்மா சொன்னாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் பயந்துபோய் அதைக் காரில் ஏற்றியிருப்பார்களோ என்னவோ. ஏற்றியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.