பலகை விழவில்லை, கால்தான் மடங்கியது

போன வருடம், கார்த்திகைக்கு முந்தின வாரம். விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் செராமிக் பட்டறைக்குப் பிசியோதெரபி டாக்டரம்மா ஒருவர் வந்தார். கணுக்கால் அடிக்கடி மடங்குகிறவர்களைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்திருந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் தெரியுமாம். பழைய சுளுக்கு சரியாக ஆறாமல் கால் தளர்ந்துபோயிருப்பது, ஆளைக் கேட்டால்தான் தெரியுமாம். நான் பத்தாவது பாஸ் என்பதால், பெண்களிடம் கேட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் பெரிய அதிகாரி மாதிரி பேனாவோடு கிளம்பினேன்.

எனக்கு எதையும் சட்டுப்புட்டென்று முடித்தாக வேண்டும். ஆர்டர் வேறு குவிந்து கிடந்தது. படி இறங்கும்போது கால் மடங்குகிறதா, மேடுபள்ளத்தில் தடுமாறுகிறதா என்று கேள்விகள் நீண்டுகொண்டே போயின. பதிலை முழுதாகக் கேட்கக்கூடப் பொறுமையில்லாமல் ‘இல்லை, இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டே போனேன்.

பலகை சுமக்கும் அக்காவின் முறை வந்தது. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, தோளில் தூக்கிப்போய்க் காயவைப்பது அவர் வேலை. அவருடைய வலது கால் மடங்குவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ‘அக்கா டான்ஸ் ஆடுது’ என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

“எனக்கென்னடி, இதுவரைக்கும் ஒரு பலகை வுழுந்திருக்குதா? இல்லன்னு எழுதிக்க” என்றார்.

எழுதிக்கொண்டேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் பட்டறையில் பலகை சாய்ந்தால்தான் ஆள் கூடும், கால் மட்டும் மடங்கினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

டாக்டரம்மா தாள்களை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சற்று நேரத்தில் அக்கா நிறைந்த பலகையோடு, எரிந்துகொண்டிருந்த சூளையை ஒட்டிய சரிவில் இறங்கினார். கால் மடங்கியது. முழங்கால் தரையில் மோதியது. பலகை மட்டும் அசையவில்லை. நல்லவேளை, பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். அதை முதலில் சொன்னவளே நான்தான். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். சூளையின் இரும்புக் கதவுக்கும் அந்த முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். வேப்பூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த டாக்டரம்மாவிடம், நான் எழுதியதெல்லாம் தப்பு என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு திரும்பி நடந்தார்.

அக்காவிடம் அவர் கேள்வியையே மாற்றிக் கேட்டார். “பலகையைக் கீழ விடாம எத்தனை வாட்டி சமாளிச்சிருக்கீங்க?”

அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, “இந்த வாரத்துலயாங்க?” என்று கேட்டார்.

பயிற்சி செய்து கால் தேறும்வரை சுமை தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னை யார் ஓடச் சொன்னது என்று அக்கா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. எனக்கும் அதே பயம்தான். அவர் பக்கம் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக நாலு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே அவரை வர்ணம் பூசும் பக்கம் உட்காரவைத்தார். இப்போது அக்கா சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று பயிற்சி செய்கிறார். என்னோடு பேச்சு இன்னும் அரைகுறைதான்.

அந்தக் கோபத்தைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். ஆனால் தினமும் கண்ணெதிரே பார்த்த ஒருத்தியின் வலியை ஒரே டிக்கில் இல்லையென்று ஆக்க என் கை கொஞ்சமும் தயங்கவில்லையே, அதுதான் இன்றும் என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை.