மிஸி கேட்ட கேள்வி

பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடிக் கூடத்தில் எழுந்த அந்தக் கைதட்டல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிஸிக்காகத்தான் எல்லோரும் தட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை, தலையசைக்கவும் இல்லை. சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லாத ஒன்றை, அவர் சொன்னதாக நான் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தேன்.

இலங்கையில் தாதிமாரை நாங்கள் மிஸி என்றுதான் அழைப்போம். இவர் வடக்கில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர். நான் பயிற்சி மருத்துவனாக அங்கே போன முதல் வாரத்தில் ஒரு பிரசவத்தின்போது எனக்குக் கண் இருண்டுவிட்டது. என்னைக் கதிரையில் இருத்திச் சோடா பருக்கியவர் அவர். எண்பத்து மூன்றில் நான் மெல்பேர்ணுக்கு வந்துவிட்டேன். அவர் அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடங்கள் அதே வார்டில் இருந்துவிட்டு, மெல்பேர்ணின் புறநகரான ரோவிலில் இருந்த மகனிடம் வந்து சேர்ந்தார். ஒரு பிறந்தநாள் விழாவில் என்னைக் கண்டதும், மண்டபம் முழுவதும் கேட்கும்படி, "டொக்டர்! இப்பவும் மயங்கி விழுறனீங்களோ?" என்றார். என் மனைவி அந்தக் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

நூலகத்தில் மாதம் ஒருமுறை மருத்துவ வரலாற்று மாலை நடக்கும். யாரும் வரலாம். பழைய கருவிகளையும் நூல்களையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருப்பார்கள். ஒரு பேராசிரியர் பேசுவார். பிறகு கேள்விகள், தேநீர், சான்ட்விச். ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரே தமிழன் நான் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மிஸியைக் காரில் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். அவருக்கு அது கோயில் திருவிழா மாதிரி. நல்ல சேலை, காலில் மகன் வாங்கிக்கொடுத்த வெள்ளை ஓட்டச் சப்பாத்து. ஒரு பெட்டியையும் விடாமல் பார்ப்பார். பழைய சத்திரசிகிச்சைக் கத்திகளைக் கண்டால், "இதைப் பிடிச்சவன்ரை கை நடுங்கினால் முடிஞ்சுது கதை" என்பார். சான்ட்விச்சைத் திறந்து பார்த்து, "ரெண்டு துண்டு வெள்ளரிக்காய்க்கு இவ்வளவு மரியாதையோ?" என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கழுத்துப்பட்டியைச் சரிசெய்வேன்.

அன்றைய பேச்சு பிரசவ மருத்துவம் பற்றியது. பெட்டிக்குள் ஒரு மரக்குழல் இருந்தது. கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதைப் பொருத்திச் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்கும் குழல். அது மௌனமாகிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன என்றார் பேராசிரியர். பெட்டியின் விளக்க அட்டையிலும் அப்படியே எழுதியிருந்தது. கேள்வி நேரம் வந்ததும் மிஸி எழுந்தார். "டொக்டர், சபையிலை இங்கிலிஷ் கதைச்சு எனக்குக் கனகாலம். நான் சொல்லுறன், நீங்கள் மாத்திச் சொல்லுங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "சண்டை நடந்த வருசங்களிலை எங்கடை வார்டிலை கரண்ட் இல்லை. இஞ்சை வாற வரைக்கும் நான் இந்தக் குழலாலைதான் துடிப்புக் கேட்டனான். இது செத்துப்போச்செண்டு இவருக்கு ஆர் சொன்னது? எங்களிட்டை ஒருக்கா விசாரிச்சவரோ எண்டு கேளுங்கோ."

நான் எழுந்து, "இந்த அம்மையார் ஓய்வுபெற்ற தாதி. இவ்வளவு அருமையான சேகரிப்பைப் பார்த்ததில் பெருமகிழ்ச்சி அடைவதாகச் சொல்கிறார்" என்றேன். கைதட்டல் எழுந்தது.

ஏன் அப்படிச் செய்தேன்? எங்கள் ஆஸ்பத்திரியின் இல்லாமையை வெள்ளைக்காரர்முன் விரிக்கக் கூசினேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அவர் கேள்வியை உள்ளபடி சொன்னால், அந்தக் காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் டொக்டர் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். அதுதான் மீதிப் பாதி.

திரும்பும் வழியில் மிஸி கேட்டார்: "டொக்டர், நான் வார்ட் ரிப்போர்ட் எந்தப் பாசையிலை எழுதினனான்?"

"இங்கிலிஷிலை."

"ஒவ்வொரு நாளும் விடிய அதை வாசிச்சது ஆர்?"

"நான்தான், மிஸி."

"அப்ப, எனக்கு விளங்காதெண்டு எப்பிடி நினைச்சனீங்கள்?" வீட்டு வாசலில் இறங்கியபோது, "இனி நான் வரேல்லை" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் அவர் வரவில்லை. நூலகர் அம்மையார் விடாமல் விசாரித்தார். மூன்றாம் முறை கேட்டபோது நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்படியானால் அடுத்த மாலை அவருடையது" என்றார். அதைச் சொல்ல ரோவிலுக்குப் போனேன். மிஸி குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "வாறன். ஆனால் நீங்கள் அண்டைக்கு மாத்திச் சொன்னதை அந்தச் சபையிலையே சொல்லவேணும்" என்றார். ஓம் என்றேன். உடனே ஒரு தட்டில் நாலு வடை வந்தது.

அந்த மாலை கூடம் நிரம்பி, சிலர் சுவரோரம் நின்றார்கள். செய்து காட்டுவதற்காக நூலகர் ஒரு தலையணையை மேசையில் வைத்திருந்தார். மிஸி அதைத் தட்டிப் பார்த்தார். "தலையணைக்கு என்ன துடிப்பு? டொக்டர், கோட்டைக் கழட்டிப்போட்டு இதிலை ஏறுங்கோ. உங்கடை வயிறு எட்டு மாசத்துக்குக் காணும்" என்றார். அருகில் இருந்த யாரோ ஒரு தமிழ்ப் பிள்ளை அதை மொழிபெயர்த்துவிட, கூடம் சிரிப்பில் குலுங்கியது. பெரிய மருத்துவமனை ஒன்றின் மூத்த வைத்தியனாகிய நான், நூலக மேசையில் மல்லாந்து படுத்தேன். மிஸி இரண்டு கைகளாலும் வயிற்றைத் தடவி, பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று தேடுவதை ஆங்கிலத்தில் விளக்கினார். வார்ட் ரிப்போர்ட்டின் அதே ஆங்கிலம்: சிறிய வசனங்கள், ஒரு சொல்லும் மிகையில்லை. பிறகு மரக்குழலை வைத்துக் காதைப் பொருத்தினார். அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.

"இப்ப சொல்லுங்கோ" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் வாயைத் திறந்தேன். கூரையின் வெள்ளை விளக்குகள் தெரிந்தன. பேராசிரியரின் கண்ணாடி தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். மிஸி காத்திருந்தார். ஒரு துடிப்பைத் தேடும் தாதி எவ்வளவு நேரம் காத்திருப்பாளோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து சபையைப் பார்த்து ஆங்கிலத்தில் அறிவித்தார்: "இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் வாய் திறக்கமாட்டேன் என்கின்றன."

அப்படி ஒரு சிரிப்பை அந்த நூலகம் அதற்குமுன் கேட்டிருக்காது. சிரிப்பு ஓய்ந்ததும் தன் கேள்வியைத் தானே கேட்டார். பேராசிரியர் எழுந்து நின்று, யாரையும் தான் விசாரிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, பெட்டியிலிருந்த விளக்க அட்டையைத் தன் கையாலேயே எடுத்தார். புதிய அட்டைக்கான வாசகத்தை மிஸி சொல்ல, நூலகர் எழுதினார். காரில் வீடு வரும்வரை மிஸி சிரித்துக்கொண்டே வந்தார். நான் சொல்லாமல் விட்டதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. அவர் சாகும்வரை மாதாமாதம் அந்த மாலைகளுக்குச் சேர்ந்தே போனோம்.

இப்போது என்னை என் பேத்தி காரில் கூட்டிப்போகிறாள். கேள்வி நேரத்தில் யாராவது எழுந்தால் என் முதுகு தானாக நிமிர்கிறது. அன்று மேசையில் படுத்திருந்து நான் சொல்லியிருக்கவேண்டியது நீளமானதல்ல. எங்கள் வார்டில் விளக்கு எரியாத வருடங்களில் அந்தக் குழல் பேசிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கேட்க நான் அங்கே இருக்கவில்லை. மிஸி இருந்தார்.