அண்ணியின் இடது கண்

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவள் அண்ணி. சுவரில் மாட்டிய படம் ஓர் இழை சாய்ந்திருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். அண்ணி புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், நன்றாயிருக்கிறது என்ற வார்த்தைக்கு முன்னால், காலர் ஒரு பக்கம் ஏறியிருக்கிறதே என்ற வார்த்தை வந்து விழும். முட்டையில் மயிர் பிடுங்குகிற இவளை எவன் கட்டிக்கொண்டு மாரடிக்கப் போகிறானோ என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.

துணிக்கடை வேலையிலும் அதே கதைதான். விளக்கு வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிகிற இரண்டு துணிகள் வெயிலில் ஒத்துப்போகாது என்று வாடிக்கையாளர்களை வாசல்வரை கூட்டிப்போய்க் காட்டினாள். வியாபாரம் படுத்தது. முதலாளி ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார். ஆனால் அப்படி வாசலுக்கு வந்தவர்களில் ஓர் அம்மாள் அவளை மறக்கவில்லை. செயற்கைக் கண் செய்யும் கூடம் ஒன்றை நடத்தி வந்த அவர், தேடிப்பிடித்து வேலை கொடுத்தார்.

அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் மீனைத் தண்ணீரில் விட்டதுபோல் ஆயிற்று. அங்கே யாரும் போதும் விடு என்று சொல்லவில்லை. கறுப்புக் கண் என்று ஒன்று கிடையாது, உற்றுப் பார்த்தால் அதற்குள் தேன் நிறமும் ஈரமண் நிறமும் கலந்திருக்கும் என்பது அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. வெள்ளை விழியில் நரம்பு காட்ட, சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து ஒட்டுவாள். சில வருடங்களில், சிக்கலான கண் என்றால் அவள் மேசைக்குத்தான் வரும் என்றாயிற்று.

அப்போதுதான் அண்ணிக்கு இடது கண்ணில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்ற, மருத்துவர்கள் கண்ணையே எடுத்துவிட்டார்கள். ரொட்டிக் கடை கல்லாவில் சிரித்த முகமாய் நின்றவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் இவள் போய், கெஞ்சாமல், குழி ஆறிவிட்டது, அளவெடுக்க வேண்டும், கிளம்புங்கள் என்றாள். அந்தக் குரலுக்கு அண்ணி எழுந்து வந்தாள்.

முதலில் செய்த கண்ணைப் பொருத்தியதும் அண்ணி கண்ணாடியில் பார்த்து அழுதுவிட்டாள். அண்ணனும் அசந்துபோனான். இவள் மட்டும் அண்ணியை ஜன்னலோரம் உட்காரவைத்து முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"இது சரியில்ல அண்ணி. கழட்டுங்க."

"போதும்டி. யாரு இவ்வளவு கிட்ட வந்து பாக்கப்போறா?"

"அண்ணன் பாப்பாரு. தலை வாரும்போது நீங்க பாப்பீங்க."

நடுவிலிருந்த கண்மணிதான் குற்றம். கூடத்து மங்கல் வெளிச்சத்தில் வலது கண்மணி விரிந்திருக்க, அதைப் பார்த்து இடதுக்கும் பெரிதாக வரைந்துவிட்டாள். செய்த கண் விரியாது, சுருங்காது. ரொட்டிக் கடையில் நாள் முழுக்கக் கண் கூசுகிற வெளிச்சம். அங்கே போய் நின்றால் இரண்டும் இரண்டு ஆள் கண்ணாகத் தெரியும். தன் தவறுதான் என்று சொல்லிவிட்டு, அண்ணியைக் கடைக்கே கூட்டிப்போய், கல்லாவுக்குப் பின்னால் நிற்கவைத்து, வலது கண்ணை மறுபடி அளந்தாள். மூக்கோரம் வெள்ளை விழியில் இருந்த பழுப்புத் திட்டையும் அப்போதுதான் கவனித்துக் குறித்துக்கொண்டாள். நேரம் ஆகிக்கொண்டே போனாலும், அண்ணி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நின்றாள்.

இரண்டாவது கண் வந்த வாரமே அண்ணி கல்லாவுக்குத் திரும்பினாள். பழைய வாடிக்கையாளர்கள், ஊருக்குப் போயிருந்தீர்களா, ஆளையே காணோமே என்று விசாரித்துவிட்டு ரொட்டியை வாங்கிப் போனார்கள். எது புதுக்கண் என்று அண்ணனுக்கே சில நாள் தடுமாறும். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இவள் சொல்லியிருந்தாள். அண்ணிக்குத்தான் வாய் நிற்கவில்லை. நெருங்கியவர்களிடம், எங்கள் வீட்டுப் பெண் செய்தது, எது என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.