பதினேழு பொன்னாடை

மேடையில் பேசுகிறவர்கள்மேல் தனலட்சுமிக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. விக்கிரமசிங்கபுரத்து நூல் மில் தொழிலாளியின் மகள். சிவகணேஷ் அண்ணாச்சியின் சவுண்டு, ஸ்கிரீன் வாடகைக் கடையில் சேர்ந்து பதினோரு வருஷம். திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் அவள் பார்க்காத முன்னாள் தலைவர் இல்லை, கேட்காத கொட்டாவியும் இல்லை.

வேலை இதுதான். பேசுகிறவர் கையில் ஒரு சின்ன ரிமோட். அதில் பச்சை பட்டனை அமுக்கினால், மண்டபத்து மூலையில் அவள் மேஜைமேல் இருக்கும் பெட்டியில் பச்சை விளக்கு எரியும், கீக் என்று சத்தம் வரும். அதைப் பார்த்து அவள் லேப்டாப்பில் அடுத்த படத்தைத் தள்ளுவாள். விளக்கு எரிந்ததற்காகவே தள்ளிவிட மாட்டாள். சிலர் பதற்றத்தில் காலிங் பெல் மாதிரி அமுக்குவார்கள். ஒருவர் ரிமோட்டை மைக் என்று நினைத்துக் கால்மணி நேரம் அதில் பேசியிருக்கிறார். விளக்கு கேட்கும், கொடுப்பதா வேண்டாமா என்பது தனலட்சுமியின் முடிவு.

அதற்குத்தான் அண்ணாச்சி வேட்டு வைத்தார். பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயரைச் சொருகினால் படம் தானாக மாறும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

"இன்னைக்கு செட் பண்ணிட்டு சும்மா உக்காரு. எதுலயும் கை வைக்கப்புடாது. ஒழுங்கா ஓடிச்சின்னா அடுத்த மாசத்துல இருந்து நீ வர வேண்டாம்," என்றார்.

பதினோரு வருஷத்து வேலை ஒரு வயரோடு போகப்போகிறது. ஆனாலும் தனலட்சுமி ரிமோட்டில் பேட்டரியை மாற்றி, மேடையின் இரண்டு ஓரத்திலும் நின்று அமுக்கிப் பார்த்து, வயரையும் சொருகினாள்.

ஸ்ரீவைகுண்டத்தில் வாழை விவசாயிகள் கூட்டம். ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரி சிவசைலம் வாடல் நோய் பற்றிப் பேச வந்திருந்தார். இருபது படம், மூன்று மாத உழைப்பு. அண்ணாச்சி தானே ரிமோட்டைக் கொண்டுபோய் அவர் சட்டைப் பையில் வைத்தார். பொன்னாடை எல்லாம் முடியட்டுமே என்று தனலட்சுமி சொன்னாள். அண்ணாச்சி காதில் வாங்கவில்லை.

பொன்னாடை ஆரம்பித்தது. போர்த்தினால் மட்டும் போதுமா? நெஞ்சோடு நெஞ்சாகத் தழுவ வேண்டும், போட்டோவுக்கு நிற்க வேண்டும். முதல் ஆள் தழுவியதும் பையிலிருந்த ரிமோட் அமுங்கி, பெட்டி கீக் என்றது; திரையில் வாடிய இலை வந்தது. அடுத்தவர் இறுக்கினார், அழுகிய தண்டு வந்தது. ஒரு பருத்த சங்கத் தலைவர் மூன்று படத்தை ஒரே மூச்சில் தாண்டினார்.

அண்ணாச்சி கீழே நின்று கையைக் காலை ஆட்டினார். கை வைக்கக்கூடாது என்றவர் அவர்தானே. தனலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பதினேழாவது பொன்னாடைக்குத் திரையில் கொட்டை எழுத்தில் 'நன்றி' வந்துவிட்டது. கூட்டம் எழுந்தது. நன்றி என்றால் அடுத்தது பந்தி. அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

சிவசைலம் ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி, கையில் குறிப்புத் தாளோடு நின்றார். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை. தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் தனலட்சுமிக்குப் பாவமாகப் போய்விட்டது, தன்மேலேயே கோபம் வந்தது. வயரைப் பிடுங்கினாள். முதல் படத்தைப் போட்டாள். பக்கத்திலிருந்த மைக்கை எடுத்தாள்.

"சாம்பார் இன்னும் கொதிக்கலையாம். பைய உக்காருங்க."

கூட்டம் முனகிக்கொண்டே உட்கார்ந்தது.

சிவசைலம் நாற்பது நிமிஷம் பேசினார். பச்சையை அறுபது தடவையாவது அமுக்கியிருப்பார். வேண்டிய இடத்தில் மட்டும் படம் மாறியது. மருந்து அளவு வந்தபோது, பெட்டி எத்தனை தடவை கத்தினாலும், முன்வரிசைக்காரர்கள் எழுதி முடிக்கும்வரை தனலட்சுமி அசையவில்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் சிவசைலம் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அருமையான மிஷின் வே. நம்ம மனசு தெரிஞ்சுல்லா மாறுது. சாத்தான்குளத்துக் கூட்டத்துக்கும் இதையே கொண்டு வாரும்."

அண்ணாச்சி மூலை மேஜையைத் திரும்பிப் பார்த்தார். தனலட்சுமி எழுந்து வந்து, சுருட்டிய வயரை அவர் கையில் வைத்தாள்.

"இதை நீங்களே வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. சாத்தான்குளத்துக்கு மிஷின் எத்தனை மணிக்கு வரணும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."